டெக்சஸ் நிலத்தில் கயோட்டி வேட்டை: உரிமம் எடுத்ததிலிருந்து சுட்டது வரை

ஆஸ்டினிலிருந்து 183-ஆம் நெடுஞ்சாலையில் வடமேற்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் லாம்பாசஸ் கவுண்டி. அங்கே எங்களுக்கு 20 ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக நிலம் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறை, லைவ் ஓக் மரங்கள், சீடர் புதர், நம்மூர் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளியான மெஸ்கீட், காலெடுத்து வைக்கும் இடமெல்லாம் சப்பாத்திக் கள்ளி. வாங்கும்போது நிலத்துக்கு இருந்த விவசாய மதிப்பீட்டைத் தக்கவைத்தால் சொத்து வரி குறையும் என்பதற்காகத்தான் ஆடு வாங்கிவிட்டோம். அப்புறம் ஆடுகள் மேலேயே பிடிப்பு வந்துவிட்டது. எல்லாம் இறைச்சிக்காக வளர்க்கும் போயர் இனக் கலப்பு. குட்டி போடும் பருவத்தில் பட்டியில் போய் நின்றால் திரும்பி வர மனம் வராது.

அந்தக் குட்டிகள்தான் ஒன்றொன்றாகக் குறைய ஆரம்பித்தன. வேலிக்கு அடியில் தோண்டிய பள்ளம், அதன் கம்பியில் சிக்கிய ரோமம். இரவில் ஊளைச் சத்தம் கேட்காத நாளே கிடையாது. நாய் போன்ற காட்டு விலங்கான கயோட்டிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். துப்பாக்கி வாங்குவதற்கு முன் அது உண்மையா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் கட்டம் இதுதான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பக்கத்து நிலத்துக்காரர் பரம்பரையாக ஆடு வளர்ப்பவர். ஒரு காலை செத்துக் கிடந்த குட்டியைக் காட்ட அவரைக் கூப்பிட்டேன். கையுறை போட்டுக்கொண்டு, கத்தியால் கழுத்துத் தோலை உரித்துக் காட்டினார். வெளியே பார்த்தால் சின்னச் சின்னப் பல் துளைகள்தான். உரித்ததும் உள்ளே முழுக்க ரத்தம் கட்டியிருந்தது. உயிரோடு இருக்கும்போது கடித்தால்தான் அப்படி ரத்தம் கட்டும். செத்த பிறகு வந்து தின்ற விலங்கு என்றால் துளை இருக்கும், கட்டிய ரத்தம் இருக்காது. கயோட்டி பெரும்பாலும் தொண்டையைக் கவ்வி மூச்சை நிறுத்திக் கொல்லும். பிறகு விலா எலும்புக்குப் பின்னால், வயிற்றுப் பக்கத்திலிருந்து தின்னத் தொடங்கும். வீட்டு நாய்களோ காது, வால், பின்னங்கால் என்று கிடைத்த இடத்திலெல்லாம் கடித்துக் குதறும். பல ஆடுகளைக் காயப்படுத்திவிட்டு, அதிகம் தின்னாமல் போய்விடும். கருங்கழுகு என்றால் புதுக்குட்டியின் கண்ணையும் நாக்கையும்தான் முதலில் கொத்தும். அந்தக் கழுகுகளுக்கு மத்திய அரசின் வலசைப் பறவைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அனுமதி இல்லாமல் ஒன்றைக்கூடச் சுட முடியாது.

மண்ணில் இருந்த கால்தடத்தையும் காட்டினார். நாயின் தடம் அகன்று, விரல்கள் பரந்து இருக்கும். இது நீள்வட்டமாக, ஒடுங்கி இருந்தது. முன்னிரண்டு நகங்களும் நெருங்கி முன்னோக்கிப் பதிந்திருந்தன. தடங்கள் அலையாமல் ஒரே கோடாகப் போயின. சரி, கயோட்டிதான்.

பார்த்திராதவர்களுக்கு: நாய்க் குடும்பத்து விலங்கு. டெக்சஸில் வளர்ந்தவை பெரும்பாலும் 11 முதல் 18 கிலோ வரை இருக்கும். சாம்பலும் பழுப்பும் கலந்த ரோமம், நுனி கறுத்த அடர்வால். ஓடும்போது வாலைத் தாழ்த்தியே வைத்திருக்கும். தூரத்தில் நாயா கயோட்டியா என்று சந்தேகம் வந்தால் நான் முதலில் பார்ப்பது வாலைத்தான். இவை அதிகம் தின்பது எலி, முயல், மெஸ்கீட் காய், கள்ளிப்பழம். ஆட்டுக்குட்டி அடிப்பது எல்லாக் கயோட்டிகளும் செய்யும் வேலை இல்லை. கலிஃபோர்னியாவில் ஆட்டுப் பண்ணைகளில் நடந்த ஆய்வுகளில், இடம் பிடித்துக் குட்டி வளர்க்கும் ஜோடிகள்தான் பெரும்பாலான ஆடுகளை அடிப்பதாகத் தெரிந்தது. ஆகவே, நிலத்தில் கண்ணில் படும் கயோட்டியையெல்லாம் சுட்டுத் தள்ளுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆடு அடிக்காத ஜோடி ஒன்று இடம் பிடித்திருந்தால் அது மற்றவற்றை உள்ளே விடாது. அதைச் சுட்டுவிட்டால் காலியான இடத்துக்கு வருவது எப்படிப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? நூறாண்டுக்கும் மேலாக இந்த நாட்டில் கயோட்டியைக் கொன்றுகொண்டே இருக்கிறார்கள். அது ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் பரவிவிட்டது. எனக்கு வேண்டியது பட்டியைச் சுற்றி வரும் விலங்கு மட்டும்தான்.

“என்னங்க, இது நம்ம நிலம்தானே, யாரைக் கேட்கணும்?” என்றாள் மனைவி. எனக்கும் அதே கேள்விதான். படித்துப் பார்த்ததில் டெக்சஸ் சட்டம் இந்த விஷயத்தில் எளிமையாகவே இருக்கிறது. கயோட்டிக்குப் பருவக் கட்டுப்பாடு கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது. தனியார் நிலத்தில் உரிமையாளரின் சம்மதம் வேண்டும், வேட்டை உரிமம் வேண்டும். ஆனால் கால்நடையையோ கோழியையோ தாக்கிக்கொண்டிருக்கும், தாக்கவிருக்கும், அல்லது அண்மையில் தாக்கிய கயோட்டியைச் சுட உரிமம் தேவையில்லை. அந்த விலக்கு எனக்குப் பொருந்தும் என்றாலும் நான் உரிமம் எடுத்தேன். நான் உட்கார்ந்து இரையின் சத்தத்தைப் போட்டுக் கூப்பிடும்போது வருவது எந்தக் கயோட்டி என்று நிரூபித்துக்கொண்டிருக்க முடியாது. மாநிலவாசிக்கு 25 டாலர்தான். செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை செல்லும்.

1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்விப் பாடத்தை முடித்த சான்றும் வைத்திருக்க வேண்டும். 17 வயது நிரம்பியவர்கள் முழுவதையும் இணையத்திலேயே முடித்துவிடலாம். வேகமாகத் தட்டிக்கொண்டே போகாமல் உட்கார்ந்து படியுங்கள். துப்பாக்கியோடு வேலி தாண்டுவது எப்படி, இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எப்படி என்பதெல்லாம் அங்கேதான் எனக்குப் புரிந்தது.

விசாவில் இருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. எதுவானாலும் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் கடைக்குப் போகாதீர்கள். இதில் ஒரு சறுக்கல் வந்தால் அது துப்பாக்கியோடு நிற்காது, விசாவையும் இழுத்துக்கொண்டு போகும்.

கடையில் 4473 படிவத்தை நிரப்ப வேண்டும். கடைக்காரர் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். ஒவ்வொரு முறையும் கையால் தோட்டாவை ஏற்றும் போல்ட் வகை ரைஃபிள் ஒன்று வாங்கினேன், 223 ரெமிங்டன் தோட்டா போடுவது. கயோட்டிக்கு இது போதும். உதைப்பு குறைவு என்பதால் புதியவருக்குக் கண் சிமிட்டும் பழக்கம் வராது. தோட்டா விலையும் மற்றவற்றைவிடக் குறைவு. அடர்ந்த புதரில் 30, 35 மீட்டருக்குள் வரும் என்றால் சிறு குண்டுகளைச் சிதறவிடும் 12 கேஜ் ஷாட்கன் நல்லது என்பார்கள். எங்கள் நிலம் அவ்வளவு அடர்த்தி இல்லை. கூடவே பூட்டுள்ள இரும்புப் பெட்டகமும் வாங்கினோம். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குக் கிடைக்கும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை விட்டு வைப்பது இங்கே குற்றம். அதற்கு மேல், எங்கள் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்களோடு விளையாட வரும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

பயிற்சிக் களத்தில், துப்பாக்கி மேல் பொருத்திய குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை 100 கெஜத்துக்குச் சரிசெய்தேன். மேசையில் வைத்துச் சுடும்போது எல்லோருக்கும் நன்றாகத்தான் வரும். தரையில் உட்கார்ந்து, இரண்டு குச்சிகளைக் குறுக்கே கட்டிய தாங்கியில் வைத்துச் சுடுவதுதான் நிலத்தில் நடக்கப்போவது. அப்படிச் சுட்டு, குண்டுகள் ஒரு சாத்துக்குடி அளவு வட்டத்துக்குள் விழும்வரை நான் நிலத்துக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோகவில்லை.

அடுத்தது எங்கே உட்காருவது. 223 தோட்டா தடையில்லாமல் பறந்தால் கிலோமீட்டர் கணக்கில் போகும். எங்களைப் போன்ற சிறிய நிலத்தில் முதல் கவலை இதுவாகத்தான் இருக்க வேண்டும். வேட்டையில் சுட்ட தோட்டா அடுத்தவர் எல்லையைத் தாண்டினால், அவருடைய எழுத்து மூலமான சம்மதம் இல்லாதவரை, டெக்சஸில் அது குற்றம். பொதுச் சாலையிலிருந்து சுடவும் கூடாது. நிலம் பிரித்து விற்ற மனைப்பகுதிகளில், 10 ஏக்கரும் அதற்குக் குறைவாகவும் உள்ள மனைகளில் சுடுவதைக் கவுண்டி தடை செய்யலாம். வாங்கியிருப்பது அப்படிப்பட்ட மனை என்றால் முதலில் கவுண்டி அலுவலகத்தில் கேளுங்கள். நான் நிலத்தின் வரைபடத்தை அச்சடித்து, பக்கத்து வீடுகள், மாட்டுத் தொட்டி, சாலை எல்லாவற்றையும் குறித்தேன். எந்தப் பக்கம் சுட்டால் தோட்டா மண்ணில் இறங்கும் என்று நடந்து நடந்து பார்த்தேன். ஓடையை ஒட்டிய மேட்டுச்சரிவு ஒன்றுதான் தேறியது. மேட்டிலிருந்து கீழ்நோக்கி, எதிரே மண்கரை. வேறு எந்தத் திசையிலும் எது வந்து நின்றாலும் சுடுவதில்லை என்று முடிவு செய்தேன். பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லோரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். அவர்களுடைய காவல் நாய்களின் நிறம், கழுத்துப் பட்டை எல்லாம் கேட்டு வைத்துக்கொண்டேன்.

இரவில் விளக்கோடும் வெப்பக் கேமரா ஸ்கோப்போடும் சுடுவது இங்கே தனியார் நிலத்தில் அனுமதிக்கப்பட்டதுதான். இரவில் போகிறவர்கள் அந்தப் பகுதி வேட்டைக் காவல் அதிகாரியிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுவது வழக்கம். விளக்கு போட்டு மான் சுடுவது சட்டவிரோதம் என்பதால், வெளிச்சத்தைப் பார்த்து யாராவது புகார் செய்வார்கள். புதியவர்கள் இரவில் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. பகலிலேயே நாயையும் கன்றுக்குட்டியையும் பிரித்துப் பார்க்கக் கண் பழக வேண்டும்.

கயோட்டியை ஏமாற்றுவதில் பாதி வேலை காற்றோடுதான். அதன் மூக்குக்கு முன்னால் உடுப்பின் நிறமெல்லாம் ஒன்றுமே இல்லை. சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் முகப்பவுடர் போட்டு, அழுத்திப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். மத்திய டெக்சஸில் பெரும்பாலும் தெற்கத்திக் காற்று. குளிர்காலத்தில் ‘நார்தர்’ என்கிற வடகாற்று திடீரென்று புகுந்து வெப்பத்தை மளமளவென்று இறக்கிவிடும். அது அடங்கிய மறுநாள் விடியற்காலைதான் எனக்குப் பிடித்த நேரம். குளிர், அசையாத காற்று, பசியோடு நடமாடும் விலங்கு.

வண்டியை மேட்டுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தி, ஓக் மரத்தில் முதுகைச் சாய்த்து நிழலில் உட்காருவேன். ஸ்பீக்கர் பெட்டியை 40 மீட்டர் தள்ளி வைப்பேன். வரும் விலங்கின் கண் சத்தம் வரும் இடத்தில்தான் இருக்கும், என்மேல் விழாது. அடிபட்ட முயலின் அலறலை முதலில் மெதுவாகப் போட வேண்டும். பக்கத்துப் புதரிலேயே ஒன்று படுத்திருந்தால் எடுத்ததும் பெரிய சத்தம் அதை விரட்டிவிடும். கொஞ்ச நேரம் சத்தம், கொஞ்ச நேரம் அமைதி, பிறகு சற்றுக் கூட்டி மறுபடியும். கயோட்டி நேராக வராது. வளைந்து போய், காற்று தன் மூக்குக்கு வரும் பக்கத்திலிருந்துதான் எட்டிப் பார்க்கும். ஆகவே அந்தப் பக்கம் திறந்த வெளியாக இருக்கிற மாதிரி இடம் பிடிக்க வேண்டும். 20 நிமிடம் அசையாமல் உட்கார்ந்தும் ஒன்றும் வராவிட்டால் எழுந்துவிடலாம். ஒரே இடத்தில் அடிக்கடி ஒரே சத்தத்தைப் போட்டால் அவை கற்றுக்கொண்டுவிடும். சின்ன நிலத்தில் இது பெரிய சிக்கல். இடையில் வாரக்கணக்கில் விட்டுத்தான் போவேன்.

பல காலைகள் ஒன்றும் வரவில்லை. ஒருமுறை வந்தது, ஆனால் மேட்டின் விளிம்பில் வானத்தைப் பின்னணியாக வைத்து நின்றது. அதற்குப் பின்னால் பக்கத்து நிலத்தின் கொட்டகை இருப்பது எனக்குத் தெரியும். விரல் டிரிக்கருக்குப் போகவே இல்லை. அதுவும் சிறிது நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அந்த வரைபடத்துக்குச் செலவழித்த நேரம் முழுக்க அந்தச் சில நொடிகளுக்காகத்தான்.

ஜனவரிக் கடைசியில், இணைசேரும் பருவத்தில், நிலம் வெள்ளையாக உறைபனி பூத்திருந்த ஒரு காலை, ஓடைக்கரையோரம் ஒன்று வந்தது. வாலைத் தாழ்த்தி, மூக்கைக் காற்றில் வைத்துக்கொண்டு வளைந்து வந்தது. 80 மீட்டர் இருக்கும், பின்னால் மண்கரை. வாயால் ஒருமுறை ‘வவ்’ என்று குரைத்தேன். நின்று திரும்பிப் பார்த்தது. முன்னங்காலுக்குப் பின்னால் குறுக்குக்கோட்டை நிறுத்தி அழுத்தினேன். நின்ற இடத்திலேயே விழுந்தது. உடனே ஓடிப்போய்ப் பார்க்கக் கூடாது. அடுத்த தோட்டாவை ஏற்றி, ஸ்கோப் வழியாகவே சில நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பின்பக்கமாகப் போய்க் கண்ணைக் குச்சியால் தொட்டுப் பார்த்தேன். முதிர்ந்த ஆண், பற்கள் தேய்ந்திருந்தன. கஷ்டமாகத்தான் இருந்தது. அழகான விலங்கு. அது வேகமாகப் போய்விட்டது என்பது எனக்கு முக்கியம். பயிற்சிக் களத்தில் தரையில் உட்கார்ந்து பழகியதெல்லாம் அதற்குத்தான்.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சொறி உண்ணிகள், தெள்ளுப்பூச்சி, வெறிநோய் எல்லாவற்றுக்கும் வாய்ப்பு உண்டு. தெற்கு டெக்சஸில் கயோட்டிகளிடையே பரவிய வெறிநோயை அடக்க 1995-இல் தொடங்கி விமானத்திலிருந்து தடுப்பு மருந்து வைத்த இரைப் பொட்டலங்களைப் போட்டார்கள். அந்த வகை வெறிநோய் பிறகு ஒழிந்தது. ஸ்கங்க் என்கிற நாற்றமடிக்கும் சிறு விலங்கு, வௌவால் ஆகியவற்றில் மற்ற வகைகள் இருக்கத்தான் செய்கின்றன. சிலர் சுட்டதை வேலியில் தொங்கவிடுவார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. ஓடையிலிருந்து தள்ளி ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தேன்.

அந்தப் பருவத்தில் அப்புறம் குட்டி எதுவும் போகவில்லை. அதற்குத் துப்பாக்கி மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். அதே வாரங்களில் வேலிக்கு அடியில் கம்பி வலையைத் தரையோடு மடக்கிப் பதித்தோம். வெளிப்புறம் ஒரு சாண் உயரத்தில் மின்கம்பி ஓட்டினோம். குட்டி போடும் ஆடுகளை இரவில் கொட்டகைக்குள் அடைத்தோம். ஆட்டுக் காவலுக்குப் பேர்போன கிரேட் பிரெனீஸ் இன நாய்க்குட்டி ஒன்றை ஆடுகளோடேயே விட்டு வளர்த்தோம். இப்போது அது வளர்ந்து, இரவெல்லாம் எல்லையைச் சுற்றிக் குரைக்கிறது.

யாராவது என்னிடம் எதை முதலில் வாங்கலாம் என்று கேட்டால் வேலிக் கம்பி என்பேன், பிறகு நாய், அதற்கப்புறம்தான் ரைஃபிள். ஓடைக்கு அந்தப் பக்கம் இப்போது ஒரு ஜோடி இருக்கிறது. எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தால் முயல் ரோமமும் மெஸ்கீட் விதையும்தான். அவை பட்டிப் பக்கம் வராதவரை நானும் அவற்றின் பக்கம் போகப்போவதில்லை. உரிமத்தை மட்டும் வருடா வருடம் ஆகஸ்ட் கடைசிக்குள் புதுப்பித்துவிடுகிறேன்.