கிரீன் டேயின் முதல் ஆல்பம் முழுவதும், நின்றபடி, நிறுத்தாமல்: பதினொரு வாரப் பயிற்சிக் குறிப்பு

அமெரிக்க பங்க் ராக் குழுவான கிரீன் டேயின் முதல் ஆல்பமான ‘39/ஸ்மூத்’தில் உள்ள பத்துப் பாடல்களையும், ஏறக்குறைய 31 நிமிடம், ரிதம் கித்தாரில் (பாட்டுக்குத் தாளமும் கார்டுகளும் தரும் கித்தார் பகுதி) நின்றபடியே நிறுத்தாமல் வாசித்து முடிக்க வேண்டும் என்று தீர்மானித்துப் பதினொரு வாரங்கள் ஆகின்றன. இதே வழியில் முயலும் ஒருவருக்கு என் தவறுகளாவது பயன்படட்டும் என்று இக்குறிப்பை எழுதுகிறேன்.

இந்த ஆல்பத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1989 டிசம்பர் 29 முதல் 1990 ஜனவரி 2 வரை, சான் பிரான்சிஸ்கோவின் ஆர்ட் ஆஃப் இயர்ஸ் ஸ்டுடியோவில், ஆண்டி எர்ன்ஸ்ட் ஒலிப்பதிவு செய்ய, சுமார் 675 டாலர் செலவில் இது உருவானது. அதே ஆண்டு ஏப்ரலில் லுக்அவுட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. பாடி, கித்தாரும் வாசித்த பில்லி ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்குக்கும் பேஸ் வாசித்த மைக் டெர்ன்ட்டுக்கும் அப்போது வயது 17. டிரம்ஸ் வாசித்தவர் ஜான் கிஃப்மையர். இன்று பலரும் அறிந்த ட்ரே கூல் அதற்குப் பிறகே குழுவுக்கு வந்தார். ஐந்து நாட்களில் மூன்று இளைஞர்கள் முடித்த வேலை என்பதால் எனக்கும் எளிதாக வசப்படும் என்று நினைத்தேன். அந்த எண்ணம் முதல் வாரத்திலேயே மாறிவிட்டது.

மாற்றியது வலது கை. பாப் பங்க் ரிதம் கித்தாரின் அழுத்தமான ஒலி, கம்பிகளை மீட்டும் சிறு தகடான பிக்கைக் கீழ்நோக்கி மட்டுமே வீசும் டவுன்ஸ்ட்ரோக்கில்தான் இருக்கிறது. மேலும் கீழுமாக மாற்றி வீசினால் உழைப்பு பாதியாகும். ஆனால் மேல்நோக்கிய வீச்சு மெல்லிய கம்பிகளை முதலில் தொடுவதால், ஒவ்வொரு இரண்டாவது அடியும் சற்று மெலிந்து கேட்கும். நான் இலக்காக வைத்துக்கொண்ட வேகம் நிமிடத்துக்கு 180 தாளம். அதில் எட்டாம் பங்கு ஸ்வரங்களை, அதாவது ஒரு தாளத்துக்கு இரண்டு அடிகளை, கீழ்வீச்சிலேயே வாசித்தால் நொடிக்கு ஆறு அடி, இரண்டு நிமிடத்தில் 720 அடி. முதல் நாளில் நாற்பது நொடிக்குள் முன்கை இறுகிப்போனது.

தாளம் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோனோமை 120-இல் தொடங்கி, மூன்று நிமிடம் தளர்வாக வாசிக்க முடிந்த பிறகே ஐந்து கூட்டுவது என்று விதி வைத்துக்கொண்டேன். 150 வரை அது ஒழுங்காக வேலை செய்தது. அதற்குமேல் என்ன செய்தும் முன்னேற்றம் இல்லாததால், கைப்பேசியை வலது கையின் அருகே வைத்துப் படம்பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் பிக் கம்பியைக் கடந்து நான்கு விரற்கிடை கீழே போய்த் திரும்பிக்கொண்டிருந்தது, முழங்கையே ஆடியது. வீச்சை இரண்டு கம்பிகளின் அகலத்துக்குள் அடக்கி, மணிக்கட்டை மட்டும் அசைக்கப் பழகவே இரண்டு வாரம் ஆயிற்று. பிக்கின் முனை விரல்களுக்கு வெளியே மிகக் கொஞ்சமாகத் தெரியும்படி பிடித்ததும் உதவியது. ஆறாம் வாரத்தின் இறுதியில் 175-ஐத் தொட்டேன். முன்கையில் எரிச்சல் வந்தால் உடனே நிறுத்துவது மிக முக்கியம். நான்காம் வாரத்தில் வலியைப் பொருட்படுத்தாமல் தொடர்ந்ததால் நான்கு நாட்கள் கித்தாரைத் தொட முடியாமல் போயிற்று.

இடது கைக்கு இதில் வேலை குறைவு என்பது பொதுவான எண்ணம். இந்த இசையில் பெரும்பாலும் வரும் எளிய ஸ்வரக் கூட்டான பவர் கார்டுக்கு ஆதார ஸ்வரம், அதன் ஐந்தாவது, தேவைப்பட்டால் மேல்ஸ்தாயி ஆதாரம் ஆகியவை போதும். மேஜரா மைனரா என்று தீர்மானிக்கும் மூன்றாவது ஸ்வரம் அதில் இல்லை; டிஸ்டார்ஷனில் (கித்தார் ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) அந்த ஸ்வரம் சேர்ந்தால் ஒலி கலங்கிவிடும். அந்த வெற்றிடத்தைப் பாடும் குரல்கள் நிரப்புகின்றன என்பதை, கித்தாரைக் கீழே வைத்துவிட்டு ஆல்பத்தைக் கேட்டபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். ஆர்ம்ஸ்ட்ராங்கின் குரலோடு இன்னொரு குரல் இணையும் இடங்களில், இரண்டு ஸ்வரக் கார்ட் திடீரென நிறைவாகக் கேட்கிறது. இந்த இசையின் இனிமை அங்கேதான் பிறக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஏழாம் வாரத்தில் ஒரு சிக்கல். சுருதி பார்க்கும் டியூனர் சரியென்று காட்டியும் என் பதிவில் கார்டுகள் சுருதி உயர்ந்தே ஒலித்தன. கித்தாரைக் குறை சொல்லிக்கொண்டே, கம்பிகளை மாற்றியும் பார்த்துவிட்டேன். உண்மையில், வேகத்தின் பதற்றத்தில் இடது கை கம்பிகளை ஃப்ரெட்டோடு (கித்தார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) நசுக்கிக்கொண்டிருந்தது. ஸ்வரம் தெளிவாக எழும் அளவுக்கு மட்டும் அழுத்தினால் போதும் என்று பழகியதும் சுருதி நேரானது. கார்ட் மாற்றமும் வேகமெடுத்தது.

உள்ளங்கையால் கம்பிகளின் ஒலியை அடக்கும் பாம் மியூட் பற்றிக் கொஞ்சம். உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜின் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பகுதி) மீது வைக்கும் இடம் மூன்று மில்லிமீட்டர் முன்னே நகர்ந்தால் ஸ்வரமே செத்துவிடுகிறது. பின்னே நகர்ந்தால் மியூட் ஆவதில்லை. சரியான இடத்தைக் காது மட்டுமே காட்டும்.

தனிப் பாடல்களாகப் பத்தும் கைக்கு வந்த பிறகு, ஒன்பதாம் வாரத்தில் முழு ஓட்டத்தைத் தொடங்கினேன். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: 1991-இல் வந்த ‘1,039/ஸ்மூத்டு அவுட் ஸ்லாப்பி ஹவர்ஸ்’ தொகுப்பில் 19 பாடல்கள் இருக்கும், அவற்றில் முதல் பத்துதான் இந்த ஆல்பம். முதல் முயற்சி ஐந்தாம் பாடலில் நின்றது. உட்கார்ந்து பழகிய கைக்கு, தோள்வாரில் தொங்கும் கித்தாரின் கோணமே புதிதாக இருந்தது. வாரைச் சுருக்கி, உட்கார்ந்திருக்கும்போது இருக்கும் உயரத்துக்குக் கொண்டுவந்ததும் மணிக்கட்டு மடங்குவது நின்றது.

நேற்றைய ஓட்டத்தில் எட்டுப் பாடல்களைப் பிசகில்லாமல் கடந்தேன். ஒன்பதாவதான ‘ரெஸ்ட்’ மெதுவான பாடல். கை ஓய்வெடுக்கும் இடம் என்று நம்பியிருந்தேன். ஆனால் ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடமாக விரைந்துகொண்டிருந்த கைக்கு, அடிகளுக்கு இடையே காத்திருக்கத் தெரியவில்லை. பதிவில் ஒவ்வொரு அடியும் தாளத்துக்கு முன்னால் விழுந்திருக்கிறது. இந்த வாரம் எட்டாம் பாடலின் கடைசி நிமிடத்தையும் ஒன்பதாம் பாடலின் முதல் நிமிடத்தையும் மட்டும் சேர்த்து, காலால் தாளம் தட்டியபடி, திரும்பத் திரும்ப வாசிக்கப்போகிறேன்.