நாலுக்கு நாலு
கால்பந்தில் பெனால்டி ஷூட்அவுட் என்றாலே எனக்கு 1986 ஐரோப்பியக் கோப்பை (கிளப் அணிகளுக்கானது) இறுதிப் போட்டிதான். மே 7, ஸ்பெயினின் செவில்லே நகரம். பார்சிலோனாவுக்குச் சொந்த நாட்டிலேயே ஆட்டம், எதிரணி ருமேனியாவின் ஸ்டூவா புக்கரெஸ்ட். யார் மேல் பந்தயம் கட்டியிருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

120 நிமிடம் ஆடியும் கோல் இல்லை. (சும்மா சொல்லக்கூடாது, செம போர்.) நடுவில் பார்சிலோனா தன் ஆட்டக்காரர் ஷூஸ்டரை வெளியே எடுத்தது. அவர் கோபத்தில் ஸ்டேடியத்தை விட்டே கிளம்பிவிட்டார்!

அப்புறம் பெனால்டி, கீப்பரை மட்டும் எதிர்த்து ஒவ்வொருவராக அடிப்பது. ஸ்டூவாவின் முதல் இரண்டையும் பார்சிலோனா கீப்பர் உருத்தி தடுத்துவிட்டார். ஆனால் இந்தப் பக்கம் ஸ்டூவா கீப்பர் ஹெல்முத் டுக்கடாம். பார்சிலோனாவின் அலெக்சாங்கோ அடித்தார், டுக்கடாம் வலப்பக்கம் பாய்ந்து தடுத்தார். பெத்ராசா, மறுபடி வலது. பிச்சி அலோன்சோ, அதே வலது. நாலாவதாக மார்கோஸ் வந்தார். இந்த முறையாவது டுக்கடாம் பக்கத்தை மாற்றுவாரா? மாற்றினார், இடது பக்கம் பாய்ந்து அதையும் தடுத்துவிட்டார். ஸ்டூவாவுக்கு லாக்கட்டுஷும் பாலின்ட்டும் அடித்த இரண்டு கோல் போதும், 2-0. கிழக்கு ஐரோப்பாவுக்கு அந்தக் கோப்பை போனது அதுதான் முதல் தடவை.

பெனால்டி லாட்டரி என்பவர்கள் அந்த நாலு பாய்ச்சலையும் ஒரு முறை பாருங்கள்.

கொடுமை என்னவென்றால், சில வாரங்களிலேயே டுக்கடாமுக்கு வலது கையில் ரத்தக்குழாய்க் கோளாறு, பெரிய ஆட்டங்களெல்லாம் அத்தோடு முடிந்தன. கையை யாரோ உடைத்தார்கள் என்று வதந்தி வேறு, அதை அவரே மறுத்தார். 2024 டிசம்பரில் காலமானார்.