முடிச்சு போட மறந்த லின் ஹில்

கயித்துல முடிச்சு போட்டதும் ரெண்டு தடவ இழுத்துப் பாக்குற பழக்கம் எனக்கு வந்ததே அமெரிக்க பாறையேற்ற வீராங்கனை லின் ஹில் கதையப் படிச்ச பிறகுதான். 1989ல பிரான்ஸ்ல பியூக்ஸ்ங்கற இடத்துல ஏறப்போறாங்க, கயித்த இடுப்பு பெல்ட்ல கோத்தாச்சு, முடிச்ச முடிக்கறதுக்குள்ள ஷூ போடப் போயிட்டாங்க, பேச்சு வேற, மேல ஜாக்கெட் மறைச்சுடுச்சு, அப்படியே உச்சி வரைக்கும் ஏறிட்டாங்க. இறங்கறதுக்கு கயித்துல சாஞ்சாங்க பாருங்க, அவ்ளோதான். 20 மீட்டருக்கு மேல விழுந்து, கீழ மரம் இருந்ததால பிழைச்சாங்க. கை மூட்டு விலகி, கால் எலும்பு உடைஞ்சு. அப்பவே உலகத்துல டாப்ல இருந்தவங்க அவங்க!

அதுக்கப்புறம்தான் பெரிய வேலையே. கலிஃபோர்னியா யோசெமிட்டில எல் கேப்பிடன்னு ஒரு பாறை, 900 மீட்டர் செங்குத்து. அதுல 'தி நோஸ்' ரூட்ட 1958ல வாரன் ஹார்டிங் குரூப் ஆணி அடிச்சு அடிச்சு, விட்டு விட்டு 40 நாளுக்கு மேல போராடித்தான் முடிச்சுது. அத ஃப்ரீயா ஏறணும்னு பெரிய பெரிய ஆளுங்க பாத்தும் நடக்கல. (ஃப்ரீன்னா கயிறே இல்லாம இல்லீங்க, அது ஃப்ரீ சோலோ. இதுல கயிறு இருக்கறது ஆள் விழுந்தா பிடிக்க மட்டும்தான், ஏறுறது கையும் காலும்.)

1993ல ப்ரூக் சாண்டால்ங்கற இன்னொரு க்ளைம்பர் கூட சேர்ந்து 4 நாள்ல லின் ஏறிட்டாங்க. "இட் கோஸ், பாய்ஸ்" (முடியும் பசங்களா)னு சொன்னது ரொம்ப ஃபேமஸ்.

உடனே ஒரு பேச்சு, அவங்களுக்கு விரலெல்லாம் சின்னது, அதான் முடிஞ்சுதுன்னு. அந்த ரூட்ல கிரேட் ரூஃப்ங்கற இடத்துல பாறை வெடிப்பு ரொம்ப ஒடுக்கம், அங்க விரல் உதவுச்சு, சரி. ஆனா அதுக்கு மேல சேஞ்சிங் கார்னர்ஸ்ங்கற இடத்துல விரல் வெச்சு என்ன பண்றது, பிடிக்கவே ஒண்ணும் இல்லாத மூலை, உள்ளங்கையால ஒரு பக்கம் தள்ளி, முதுகையும் காலையும் எதிர்ப்பக்கம் முட்டுக்குடுத்து, நம்மூர் ஆளுங்க கிணத்துல ஏறுவாங்களே அந்த மாதிரி, உடம்பையே திருப்பிக்கிட்டுப் போகணும். அஞ்சடி ரெண்டங்குல ஆளுக்கு எட்டாத பிடி எத்தனை இருந்திருக்கும், அத யாரும் கணக்குல எடுக்கல.

மறுவருஷமே அதே ரூட்ட ஒரு நாளுக்குள்ள, 23 மணி நேரத்துல முடிச்சாங்க. அடுத்து ஒருத்தர் ஒரே நாள்ல அத ஃப்ரீயா ஏற 2005 ஆச்சு, டாமி கால்டுவெல்.

போன வாரம் நாங்க ஏறிப் பழகுற க்ளைம்பிங் வால்ல (செயற்கைச் சுவர்) ஒரு தம்பி பாதி முடிச்சுல ஃபோன எடுத்தான். "டேய், மொதல்ல அத முடிடா"ன்னு கத்திட்டேன், எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.