பச்சைப் புட்டி

போன மாதம் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்தது. பாலிகிளினிக்கில் இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். சேதி எப்படியோ எதிர்வீட்டு அக்காவுக்குப் போய்விட்டது. மறுநாளே திரவக் குளோரோபில் புட்டியோடு வந்து நின்றார்.

"இலையோட பச்சையும் நம்ம ரத்தமும் ஒண்ணுதான்மா. நடுவுல மக்னீசியம் இருக்கு, அதை எடுத்துட்டு இரும்பை வச்சா ரத்தம். உடம்பே மாத்திக்கும்."

அம்மா என்னைப் பார்த்தார். பள்ளி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் 22 வருடமாகக் குடுவை கழுவுகிறவன் நான், ஏதாவது சொல்லியாக வேண்டும்.

அக்கா சொன்னதில் முதல் பாதி நிஜம். ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீம், இலைக்குப் பச்சை தரும் குளோரோபில் இரண்டுமே போர்ஃபிரின் என்ற வளைய மூலக்கூறுக் குடும்பம். நான்கு சின்ன பிரோல் வளையங்கள் கைகோத்து ஒரு பெரிய வளையம். உள்பக்கம் பார்த்தபடி நான்கு நைட்ரஜன். நடுவில் ஓர் உலோகம். ஹீமில் இரும்பு, குளோரோபிலில் மக்னீசியம். குளோரோபிலுக்குக் கூடுதலாக ஐந்தாவது வளையம் ஒன்றும் நீண்ட வாலும் உண்டு. இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்று வருடக்கணக்கில் நோண்டிய ஜெர்மன் வேதியியலாளர் ஹான்ஸ் ஃபிஷருக்கு 1930இல் நோபல் பரிசே கிடைத்தது.

சிக்கல் இரண்டாம் பாதியில். நம் உடம்பு இலையின் வளையத்தை எடுத்து உலோகம் மாற்றிக்கொள்வதில்லை. தனக்கு வேண்டியதை அடியிலிருந்து தானே கட்டுகிறது. 1940களில் டேவிட் ஷெமின் என்ற அமெரிக்க வேதியியலாளர், பின்னால் அடையாளம் தெரியக் கனமான நைட்ரஜன் சேர்த்த கிளைசின் என்ற அமினோ அமிலத்தை 66 கிராம் தானே விழுங்கிவிட்டு, அப்புறம் தன் ரத்தத்தையே எடுத்து எடுத்துப் பார்த்தார். அந்த நைட்ரஜன் ஹீமில் போய் உட்கார்ந்திருந்தது. சிவப்பணு சுமார் நான்கு மாதம் வாழ்கிறது என்பதும் அதே வேலையில் தெரியவந்தது. ஒரு ஹீமுக்கு எட்டு கிளைசின். கிளைசின் பருப்பிலும் மீனிலும் இருக்கிறது, போதாவிட்டால் உடம்பே செய்துகொள்ளும். அம்மாவுக்குக் குறைவது வளையம் இல்லை, கடைசியில் அதற்குள் வைக்க வேண்டிய இரும்பு.

இவ்வளவையும் அக்காவிடம் சொல்லவில்லை. புட்டியைத் திருப்பி லேபிளைப் படித்தேன். சோடியம் காப்பர் குளோரோபிலின். மக்னீசியத்தை எடுத்துவிட்டுச் செம்பை வைத்திருக்கிறார்கள், வாலையும் நறுக்கிவிட்டார்கள். அக்கா சொன்ன மக்னீசியம் புட்டியில் இல்லவே இல்லை!

ஏன் செம்பு? அதற்குப் பதில் எங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய பாயம் கீரையை அம்மா ஒருநாளும் மூடி வேகவைத்ததில்லை. "மூடுனா கறுத்துப்போயிடும்" என்பார். கீரை வேகும்போது அதிலுள்ள அமிலம் வெளிவரும். திறந்திருந்தால் கொஞ்சம் ஆவியோடு போய்விடும், மூடினால் சட்டியிலேயே தங்கிவிடும். அமிலம் மக்னீசியத்தைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இரண்டு ஹைட்ரஜனை வைத்துவிடும், நிறம் பழுப்புப் பச்சையாகிவிடும். புளி ஊற்றினாலும் இதே கதைதான். செம்பு அப்படிச் சுலபமாகக் கழன்று வராது. அதனால்தான் புட்டி அலமாரியில் மாதக்கணக்கில் பளபளவென்று நிற்கிறது. (சிவப்புக் கீரையின் சிவப்புத் தண்ணீரைப் பார்த்து ரத்தம் ஊறும் என்பவர்களும் உண்டு. அது போர்ஃபிரினே இல்லை, பீட்ரூட்டில் இருக்கிற சாயத்தின் உறவு.)

அக்கா போனதும் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "மாத்திரையை எதோட போடுறீங்க?"

"தே ஓவோடதான்."

அதுதான் விஷயம். தேயிலையின் துவர்ப்பு இரும்பைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், குடலுக்குள் சரியாக இறங்க விடாது. இப்போது எலுமிச்சைத் தண்ணீரோடு மாத்திரை, இரண்டு மணி நேரம் கழித்துத் தே. இதற்கு அம்மா சம்மதிக்கவே மூன்று நாள் ஆனது.

புட்டி ஐஸ்பெட்டிக் கதவில் இருக்கிறது. எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் மட்டும் அம்மா ஒரு கரண்டி கலக்கிக் குடிக்கிறார்.