அம்மாவின் இடது கால்

உங்கள் அம்மாவுக்கோ பாட்டிக்கோ சின்னம்மாவுக்கோ பிள்ளைப்பேற்றை ஒட்டி ஒரு கால் மட்டும் வீங்கியதுண்டா? கர்ப்பிணிப் பெண் யாரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். மலேசியாவில், எங்கள் ஊரான சுங்கை சிப்புட் இரவுச் சந்தையில் கீரை வாங்க வந்தவர்களிடம்கூடக் கேட்டிருக்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

என் அம்மாவின் இடது கால் வலது காலைவிடப் பெரியது. தம்பி பிறந்தபோது வீங்கியது, பிறகு முழுதாக வற்றவே இல்லை. கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துத் தடித்திருக்கும், ஓயாமல் அரிக்கும். அந்தக் காலோடுதான் அம்மா விடியாத இருட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனார். சாயங்காலம் வந்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் கொடுத்த களிம்பைத் தடவுவார். பெரியம்மாவுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. பிள்ளை பெற்றுப் பத்தியத்தில் இருந்தவர் ஒரு நாள் எழுந்து நின்றார், மூச்சு முட்டுகிறது என்றார், அப்படியே சரிந்து விழுந்தார். அவ்வளவுதான். காற்றுக் கறுப்பு என்றும், சீக்கிரமே தலைக்கு ஊற்றியதால் என்றும் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அம்மாவின் காலையும் பெரியம்மாவின் சாவையும் சேர்த்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

எனக்கு முதல் கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் இடது தொடையில் வலி தொடங்கியது. ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினேன். கர்ப்பத்தில் கால் வீங்கத்தான் செய்யும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அரசாங்க கிளினிக்கில் இருந்த தாதி அப்படி விடவில்லை. இரண்டு கால்களையும் நீட்டி உட்காரச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் பேனாவால் கோடு போட்டு, தையல்காரர் வைத்திருப்பதுபோன்ற அளவு நாடாவைச் சுற்றினார். இடது கெண்டைக்கால் 4 சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தது. மறுபேச்சில்லாமல் ஈப்போவுக்கு அனுப்பினார். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், தொடைச் சிரையில் இரத்தம் உறைந்து கிடந்தது தெரிந்தது. அந்த நாடா இல்லையென்றால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இடது கால் ஏன் என்று மருத்துவர் விளக்கினார். வயிற்றுக்குள் வலப்பக்கத் தமனி, இடது காலிலிருந்து வரும் சிரையின்மேல் குறுக்காக ஓடுகிறது. கருப்பையின் பாரமும் சேரும்போது அந்தச் சிரை நசுங்கி, இரத்தம் தேங்குகிறது. கர்ப்பத்தில் காலில் உறையும் இரத்தம் பெரும்பாலும் இடது காலில்தான். பிரசவத்தில் இரத்தம் வீணாகிவிடக் கூடாது என்பதற்காக உடம்பே அந்த மாதங்களில் உறையும் தன்மையைக் கூட்டிக்கொள்கிறது. ஆண்டித்ராம்பின், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் ஆகிய இரத்தப் புரதங்கள் அதற்குக் கடிவாளம். பிறவியிலேயே இவற்றில் ஒன்று குறைவாக இருந்தால் உறைதல் கட்டுமீறிப் போகிறது. ஐரோப்பியர்களிடம் அதிகம் காணப்படும் 'ஃபேக்டர் ஃபைவ் லைடன்' என்ற மரபணு மாற்றம் 1994இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கண்டறியப்பட்டது. நம் ஆசிய நாடுகளில் அதைவிட இந்த மூன்றின் குறைபாடுகளைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து இரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்சபரின் ஊசியை (ஹெப்பாரின் வகை மருந்து) நானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். போட்ட இடமெல்லாம் நாவற்பழ நிறத்தில் கன்றிப்போகும். அது பன்றிக் குடலிலிருந்து தயாராவது என்பதை மருந்தாளுநர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்படி வெளிப்படையாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இந்த மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போவதில்லை. உறைதலைத் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரின் போகும், அதனால்தான் கர்ப்பத்தில் அதைத் தவிர்க்கிறார்கள்.

35ஆவது வாரத்தில் இரத்த அழுத்தம் 160/110ஐத் தாண்டியது. சிறுநீரில் புரதம். நெற்றியைப் பிளக்கும் தலைவலி, கண்முன்னே மின்மினிகள், வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே வலி. பிரீ-எக்லாம்சியா, அதாவது கர்ப்பத்தில் வரும் ஆபத்தான இரத்தக் கொதிப்பு நோய் என்றார்கள். வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். உடம்பு முழுக்க அடுப்பு எரிவதுபோல் சூடு பரவியது. தாதி மணிக்கொரு தடவை சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டிப் பார்ப்பார். கால் துள்ளவில்லை என்றால் மருந்து மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். என் கால் துள்ளும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு, இந்த மருந்து வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது என்று 2002இல் காட்டியது. அந்தக் காலத்துத் தோட்டங்களில் 'ஜன்னி கண்டு' போன தாய்மார்களை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

பிள்ளையை எடுத்தாக வேண்டியிருந்தது. அன்று காலைதான் எனாக்சபரின் ஊசி போட்டிருந்தேன். அந்த அளவு மருந்து போட்டு 24 மணி நேரம் ஆகாமல் முதுகுத்தண்டில் ஊசி குத்தினால் அங்கே இரத்தம் கசியலாம் என்பதால், முழு மயக்கம் கொடுத்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மகள் 2.1 கிலோ. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

இரத்தம் உறைந்ததால்தான் இரத்தக் கொதிப்பு வந்தது என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டினார்கள். நானும் மருத்துவரிடம் கேட்டேன். ஒரு காலத்தில் மருத்துவ உலகமும் அப்படிச் சந்தேகித்ததாம். பிறகு வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு வலுவாகத் தெரியவில்லை. பரம்பரைக் குறைபாடு உள்ள கர்ப்பிணிகளுக்கு ஹெப்பாரின் வகை ஊசி போட்டும் பிரீ-எக்லாம்சியா குறையவில்லை என்று 2014இல் வெளியான டிப்ஸ் ஆய்வு சொன்னது. ஆகவே ஊசி இரத்தம் உறையாமலிருக்க. கொதிப்பைத் தடுக்க, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 12ஆவது வாரத்திலிருந்து சிறிய அளவில் ஆஸ்பிரின். ஒன்று இருப்பதால் மற்றதை விட்டுவிடக் கூடாது. பிரீ-எக்லாம்சியா வந்தவர்களுக்கு இரத்தம் உறையும் ஆபத்து இன்னும் கூடும் என்பது மட்டும் உண்மை.

புரோட்டீன் எஸ் கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்குமே குறையும். அதனால் எனக்கு உடனே பரிசோதிக்கவில்லை. பிள்ளை பிறந்து சில மாதங்கள் கழித்துத்தான் இரத்தம் எடுத்தார்கள். குறைவுதான். அம்மாவுக்கும் குறைவு. பெரியம்மாவின் நுரையீரலுக்கு உறைந்த இரத்தக் கட்டி ஏறியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் அம்மா அழுதுவிட்டார். தன் அக்காவைப் பேய் கொண்டுபோகவில்லை என்று அத்தனை வருடம் கழித்துத் தெரிந்ததே காரணம்.

பிரசவத்துக்குப் பிந்திய ஆறு வாரங்கள்தான் இதில் மிகவும் ஆபத்தானவை. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளைப் படுக்கையிலேயே வைத்திருக்கிறோம், தண்ணீர் குடித்தால் உடம்பு ஊதும் என்று சொம்பைத் தள்ளி வைக்கிறோம். பத்தியக் குழம்பும் மஞ்சள் பூண்டும் இருக்கட்டும், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவளை வீட்டுக்குள் நடக்க விடுங்கள், கேட்கிறபோதெல்லாம் தண்ணீர் கொடுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால் பாட்டியை அழைக்காமல் அவசர எண்ணான 999ஐ அழையுங்கள்.

தங்கை கருத்தரிக்கும் முன்பே பரிசோதித்துக்கொண்டாள். அவளுக்கும் குறைவு. முதல் நாள் பதிவுக்குப் போனபோதே அம்மாவின் கால், என் கால், பெரியம்மாவின் மரணம் மூன்றையும் தாதியிடம் சொல்லிக் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தில் எழுத வைத்தாள். அன்றே நிபுணருக்கு அனுப்பினார்கள். இப்போது நான்காம் மாதம்.

பெரியம்மா பெற்றுவிட்டுப் போன அந்தக் குழந்தை இன்று கூலாயில் இருக்கும் என் அக்கா. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிட்டு வந்தார். அதுவும் இரத்தம் உறையக் காரணமாகும் என்று விளக்கி, மருத்துவரிடம் போகச் சொன்னேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அவர் மகளுக்கு வரும் தையில் கல்யாணம். இருவரும் போன வாரம் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.