ஒண்டாரியோவில் முதல் கேம்பிங்: டெண்டைவிடப் படுக்கைக்குச் செலவழியுங்கள்

தம்பி குடும்பம் ஜூனில் மதுரையிலிருந்து கிளம்பி, கனடாவில் டொராண்டோ பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கே குடிவருகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்பதால் நான் இப்போது அனுப்பானடி வீட்டில்தான் இருக்கிறேன். தம்பி வேலை முடிந்து வந்ததும் போனில் ஒரு டெண்ட் படத்தைக் காட்டி, "அக்கா, இது போதுமா?" என்று கேட்பதும், நான் ஒன்று சொல்ல அவன் மனைவி இன்னொன்று கேட்பதுமாகத் தினமும் ராத்திரி இதே பேச்சுதான். அவர்களுக்கு ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஆகஸ்ட் கடைசியில் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஏரிக்கரையில் இரண்டு ராத்திரி தங்குவதாக ஏற்பாடு. அவர்களுக்குச் சொன்னது புதிதாக வருகிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. "காசு குடுத்துக் காட்டுக்குள்ள போய் மண்ணுல படுக்கணுமா?" என்கிறாள். "மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கோவில்ல வருசா வருசம் நீ படுக்கலையாம்மா?" என்றேன். வேன் நிறையச் சட்டி, அரிசி, விறகு, தண்ணிக் குடம், ஜமுக்காளம் என்று ஏற்றிக்கொண்டு போய், பொங்கல் வைத்து, வெட்டவெளியில் விடிய விடிய இருந்துவிட்டு வருகிறவர்கள் நாம். இருபது பேருக்கு மூன்று கல் அடுப்பில் சமைக்கத் தெரியும், அழுகிற பிள்ளையை எங்கேயும் தூங்க வைக்கத் தெரியும். நமக்குப் பழக்கம் இல்லாதது ஒன்றுதான், தரையிலிருந்து ஏறுகிற குளிர். அதனால் கையில் இருக்கிற காசு முதலில் படுக்கைக்கு, அப்புறம் மழைக்கு, டெண்டின் அழகுக்கும் அகலத்துக்கும் கடைசியில் என்பதுதான் என் கட்சி.

மதுரையில் தை மாத ராத்திரியில்கூடப் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஒண்டாரியோவில் ஆகஸ்ட் கடைசியில், பகலெல்லாம் பிள்ளைகள் ஏரியில் குதித்து விளையாடிய அதே நாளின் விடியற்காலையில் 10 டிகிரிக்கு இறங்கலாம், வடக்கே போகப் போக இன்னும் கீழே போகும். நல்ல விலை கொடுத்து, உள்ளே நுழைந்து ஜிப் போட்டுப் படுக்கிற ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிட்டோமே என்று கீழே ஒன்றும் விரிக்காமல் படுத்தால் நடுங்கத்தான் வேண்டும், ஏனென்றால் உடம்பின் எடையில் அடிப்பக்கத்துப் பஞ்சு நசுங்கிவிடும், நசுங்கிய பஞ்சில் காற்று இல்லை, காற்று இல்லாத பஞ்சு குளிரைத் தடுக்காது. அதைத் தடுப்பது பைக்கு அடியில் விரிக்கிற மேட். கோடைக்கு நம் ஊர்க் கோரைப்பாயைப் போல அருமையான படுக்கை கிடையாது, ஆனால் உடம்புச் சூட்டைத் தரையிடம் விட்டுவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை இல்லை. காற்றடைக்கிற பெரிய மெத்தையும் அப்படித்தான். உள்ளே வெறும் காற்று சுற்றிக்கொண்டே இருந்து ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடக்கும்.

மேட் வாங்கும்போது உறையில் ஆர்-வேல்யூ என்று ஒரு எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், தரைக்குளிரை மேட் எவ்வளவு தடுக்கும் என்கிற கணக்கு அது, எண் கூடினால் தடுப்பும் கூடும். 2020 வாக்கிலிருந்து நல்ல கம்பெனிகள் பலவும் ஒரே அளவுமுறையில் சோதித்துத்தான் இந்த எண்ணைப் போடுகின்றன, அதனால் ஒரு கம்பெனி மேட்டை இன்னொரு கம்பெனியுடையதோடு தைரியமாக ஒப்பிடலாம். நடுக்கோடைக்கு 2 போதும். மே மாதமும் செப்டம்பரும் போகிற எண்ணம் இருந்தால் 3 அல்லது 4 இருப்பதை வாங்குங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட் போட்டால் இரண்டு எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம், அதனால் மலிவான ஃபோம் மேட்டைக்கூட வேண்டாம் என்று தள்ளத் தேவையில்லை.

ஸ்லீப்பிங் பேக் சீட்டில் எத்தனை டிகிரி குளிர் வரை தாங்கும் என்று இரண்டு மூன்று விதமாகப் போட்டிருக்கும். நாம் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் என்று போட்டிருப்பதை மட்டும்தான். லிமிட் என்பது ஒரு ஆண் சுருண்டு படுத்துச் சமாளிக்கிற அளவு, எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்புகிற அளவு. கடைக்காரர்கள் பெரும்பாலும் லிமிட் எண்ணைத்தான் பெரிதாகப் போட்டு விற்பார்கள். கம்ஃபர்ட் 0 முதல் 5 டிகிரிக்குள் இருந்தால் நம் ஆட்களுக்கு நிம்மதி, சூடாக இருந்தால் ஜிப்பைத் திறந்துகொள்ளலாம். இந்தக் கணக்கெல்லாம் பெரியவர்களை வைத்துப் போட்டது, பிள்ளைகளுக்குப் பொருந்தாது. ஐந்து வயதுப் பிள்ளையைப் பெரிய பையில் போட்டால் காலுக்குக் கீழே உள்ள வெற்றிடத்தைச் சூடாக்கவே அதன் உடம்புச் சூடு செலவாகிவிடும், சின்ன அளவு பையாக வாங்குங்கள். தம்பிக்கு லுங்கி இல்லாமல் தூக்கம் வராது. அது பகலுக்கு இருக்கட்டும், பருத்தி ஈரம் பட்டால் லேசில் காயாது. ராத்திரிக்கென்று காய்ந்த கம்பளி சாக்ஸும் குல்லாவும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது டெண்ட். நாலு பேர் டெண்ட் என்று போட்டிருந்தால், நாலு மேட்டை இடைவெளி இல்லாமல் விரித்தால் சரியாக இருக்கும், பெட்டி வைக்க இடமிருக்காது என்று அர்த்தம் செய்துகொள்ளுங்கள். நாலு பேர் குடும்பத்துக்கு ஆறு பேர் டெண்ட். அதற்கு மேல் பெரிதாகப் போனால் காற்றில் ஆடும், பூங்காவில் நமக்குத் தருகிற இடத்தில் விரிக்கவும் சிரமம். நேர்ச்சுவர் வைத்த வீடு மாதிரி டெண்டுக்குள் நிமிர்ந்து நின்று உடை மாற்றலாம், ஆனால் ஏரிக்காற்றை நேராக வாங்கிக்கொள்ளும். முதல் தடவைக்குக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி வடிவ டெண்ட், உயரம் நடுவில் ஆறடி இருக்கிற மாதிரி, போதும். 150 முதல் 300 டாலருக்குள் நல்லதாகவே கிடைக்கும், அவசரம் இல்லாதவர்கள் செப்டம்பரில் சீசன் முடிகிற விலைக்குக் காத்திருக்கலாம். மேல்துணி தரைவரை இறங்க வேண்டும், உச்சியில் மட்டும் தொப்பி போட்ட மாதிரி இருப்பது மழை சாய்ந்து அடித்தால் உதவாது.

பிள்ளைகள் கையால் பழகட்டும் என்று எங்கள் பழைய நாலு பேர் டெண்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். போன சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் விரித்தோம். மாடியில் முளை அடிக்க முடியாது என்பதால் நாலு மூலைக்கும் தண்ணீர் கேன், செங்கல். பெரியவன் கம்பியைத் துணிக்குள் விட்டு மறுபக்கம் போய்ப் பிடித்து இழுத்தான், உள்ளேயே மூட்டு மூட்டாகக் கழன்றுகொண்டது. இழுக்கக்கூடாது, இந்தப் பக்கமிருந்து தள்ள வேண்டும், கம்பிக்குள் ஓடுகிற ரப்பர் கயிறு தள்ளும்போதுதான் மூட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் என்று ஒருமுறை காட்டியதும் பிடித்துக்கொண்டான். அப்புறம் மழை. அடியில் விரித்திருந்த தார்ப்பாயை வேண்டுமென்றே ஒரு சாண் வெளியே நீட்டி விட்டிருந்தேன். தம்பி மனைவி ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றினாள். தண்ணீர் மேல்துணியில் வழிந்து, நீட்டிக்கொண்டிருந்த பாயில் விழுந்து, அப்படியே டெண்டுக்கு அடியில் போனது. உள்ளே உட்கார்ந்திருந்த சின்னவள் தரையில் கையை வைத்துவிட்டு, "அத்தை, கீழ தண்ணி ஓடுது" என்று கத்தினாள். பாயின் ஓரத்தை டெண்டுக்கு அடியில் மடித்துத் தள்ளிவிட்டு இன்னொரு குடம் ஊற்றினோம், தண்ணீர் நேராக மாடித் தரையில் விழுந்து குழாய்ப் பக்கம் ஓடியது. "இவ்வளவுதானா மதினி?" என்றாள் அவள். இவ்வளவுதான். இதை மழை பெய்கிற ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் கண்டுபிடிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்வது.

காலையில் எழுந்தால் உள்பக்கம் முத்து முத்தாக ஈரம் இருக்கும். ஒழுகிவிட்டது என்று டெண்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. அது நம் மூச்சுக்காற்று, குளிர்ந்த துணியில் பட்டுத் தண்ணீராகிறது. குளிருக்குப் பயந்து மேலே உள்ள காற்றோட்ட வலையை மூடாதீர்கள்.

அடுப்பு விஷயத்தில் நம் வீட்டுச் சாமானே பாதி. இரண்டு பர்னர் புரொப்பேன் அடுப்பும் சின்ன சிலிண்டரும் அங்கே வாங்குங்கள், சிலிண்டரை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுவர முடியாது. மூன்று லிட்டர் குக்கர், எவர்சில்வர் தூக்கு, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், சுக்குமல்லித் தூள், நைலான் கயிறு, உட்கார ஒரு கோரைப்பாய் இதெல்லாம் மதுரையிலிருந்தே வரட்டும். அம்மா கட்டித் தரும் உப்புக்கண்டம் மட்டும் வேண்டாம், இங்கிருந்து இறைச்சி கொண்டுபோகக் கனடாவில் அனுமதி இல்லை. எவ்வளவு மழை பெய்தாலும் எவ்வளவு குளிர்ந்தாலும் டெண்டுக்குள் அடுப்பையோ கரியையோ பற்ற வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். இதைத் தம்பியிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இனியும் சொல்வேன்.

சாப்பாட்டை ராத்திரி வெளியே வைக்கவே கூடாது. ரக்கூன் என்கிற பிராணி ஐஸ் பெட்டியின் மூடியைக் கையால் திறக்கும், வடக்கே அல்கோன்குவின் மாதிரிப் பூங்காக்களில் கருங்கரடியும் உண்டு. சாப்பாடு, பாத்திரம், சோப்பு, பற்பசை, நல்லெண்ணெய், வாசனை உள்ள எதுவானாலும் காருக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள். விறகை வீட்டிலிருந்து எடுத்துப் போகாமல் பூங்கா வாசலிலேயே வாங்குங்கள். 2002-ல் வின்சர் பக்கம் தென்பட்ட எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு, விறகோடு விறகாக ஊர் ஊராகப் போய் ஆஷ் மரங்களை அழித்துக்கொண்டிருக்கிறது.

எங்கே போவது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். தம்பிக்கு 1893-ல் தொடங்கிய அல்கோன்குவின்தான் ஆசை, படத்தில் பார்த்த ஏரியும் சிவந்த மேப்பிள் மரங்களும். அது அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும். முதல் தடவை சிம்கோ ஏரிக்கரையில் சிபால்ட் பாயிண்ட் பூங்கா, டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியே வீட்டுக்குத் திரும்பிவிடலாம். தம்பி மனைவி முதலில் கேட்ட கேள்வியே கழிப்பறை பற்றித்தான், நியாயமான கேள்வி. ஃப்ளஷ் கழிப்பறையும் வெந்நீர்க் குளியலறையும் உள்ள பொதுக் கட்டடம் அங்கே உண்டு, அதற்கு நடக்கிற தூரத்தில் இடம் பிடித்திருக்கிறேன். ஆகஸ்ட் கடைசி என்பதும் யோசித்து வைத்ததுதான், மே, ஜூனில் கருப்பு ஈயும் ஜூன், ஜூலையில் கொசுவும் பிடுங்கி எடுக்கும், அதெல்லாம் அடங்கின நேரம் இது.

ஒண்டாரியோ மாகாணப் பூங்காக்களில் இடத்துக்கான முன்பதிவு 5 மாதம் முன்னாலேயே அங்கே காலை 7 மணிக்குத் திறக்கும், வார இறுதி நாட்கள் உடனே போய்விடும். மார்ச் கடைசியில் இங்கே சாயங்காலம் நாலரைக்கு நானும் தம்பியும் ஆளுக்கொரு திரையோடு உட்கார்ந்து பக்கத்துப் பக்கத்து இடமாகப் பிடித்தோம். சொந்தபந்தம் இல்லாமல் தனியாக வருகிறவர்கள், டெண்ட் வாங்கும் முன்னால் கனடாவின் தேசியப் பூங்காத் துறையான பார்க்ஸ் கனடா நடத்தும் லேர்ன்-டு கேம்ப் பயிற்சியைப் பாருங்கள். கட்டில் போட்ட ஓடென்டிக் கூடாரமும் அவர்களிடம் வாடகைக்கு உண்டு.

ஆகஸ்ட் கடைசியில் எட்டு மணி வாக்கில் இருட்டத் தொடங்கும், ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்து டெண்ட் போட்டுவிட வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். திரும்பி வந்ததும் டெண்டை ஈரத்தோடு மூட்டை கட்டி வைக்கக்கூடாது, பூஞ்சை பிடித்து உள்பூச்சு உரிந்துவிடும். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் குளியலறைத் திரைக் கம்பியில் தொங்க விட்டு, ஃபேனைப் போட்டு, மடிப்பு மடிப்பாகத் திருப்பிப் போட்டுக் காய வைத்த பிறகுதான் பையில் போட வேண்டும்.