லினக்ஸ் கெர்னல் 4.17-க்கு அப்புறம் மாட்யூலை ஓட வைத்த கதை

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலை எடைக் கணக்கு லினக்ஸ் மெஷினில் ஓடுகிறது. எடைக் கோப்பை எந்த புரோகிராம் எப்போது திறக்கிறது என்று பதிந்துவைக்க, கேப்ரோப் (கெர்னல் ஃபங்ஷன் ஓடும்போது இடையில் நம் கோடையும் ஓட வைக்கும் வசதி) போட்டு, லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் ஏற்றுகிற ஒரு சின்ன மாட்யூல் எழுதியிருந்தேன். எடையில் சந்தேகம் என்று விவசாயிகள் வந்தால் அந்தப் பதிவைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். உபுண்டு 18.04-இன் 4.15 கெர்னலில் சமர்த்தாக ஓடியது. 20.04-க்கு, அதாவது 5.4-க்கு மாற்றியதும் ஏறவே மாட்டேன் என்றது.

ஃபைலைத் திறக்கும் கெர்னல் ஃபங்ஷன் என்று நான் தேடிய சிஸ்_ஓபன்அட் என்ற பெயரே அங்கே இல்லை. முன்னால் எக்ஸ்64 ஒட்டிக்கொண்டிருந்தது. பெயரைத் திருத்தினேன், ஏறிவிட்டது. மறுநாள் சூப்பர்வைசரிடமிருந்து போன்: "பதிவு விழுதுங்க, ஆனா ஃபைல் பேரே வரமாட்டேங்குது."

2018-இல் வந்த 4.17-இல் டொமினிக் பிராடோவ்ஸ்கியின் பேட்ச்கள் செய்த மாற்றம் இது. அதற்கு முன் சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்பது) வந்தால், பிராசஸரில் ஆர்க்யுமென்ட்களை வைத்திருக்கும் ஆறு ரெஜிஸ்டர்களும் அப்படியே ஃபங்ஷனுக்குப் போகும். ஃபங்ஷனுக்கு இரண்டு போதும் என்றாலும், யூசர் புரோகிராம் விட்டுவைத்த மற்ற மதிப்புகளும் கெர்னலுக்குள் கூடவே பயணிக்கும். ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பாதுகாப்புக் குறை கிளப்பிய பீதிக்குப் பிறகு அதை யாரும் விரும்பவில்லை. இப்போது போவது, ரெஜிஸ்டர் மதிப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் பிடி_ரெக்ஸ் என்ற தொகுப்பின் பாயின்டர் (முகவரி) ஒன்றுதான். வேண்டியதை மட்டும் ரேப்பர் என்ற சின்ன இடைநிலை ஃபங்ஷன் எடுத்துக் கொடுக்கும். நல்ல மாற்றம் என்றே சொல்வேன். சாதாரண புரோகிராம்களுக்கு எதுவும் தெரியாது. எல்லாம் என் மாதிரி உள்ளே கைவைத்தவர்கள் தலையில்தான் விடிந்தது.

ஆக, கேப்ரோப் தரும் ஆர்டிஐ ரெஜிஸ்டரில் இருப்பது முதல் ஆர்க்யுமென்ட் இல்லை, இன்னொரு பிடி_ரெக்ஸின் முகவரி. அதற்குள் போய் இரண்டாவது ஆர்க்யுமென்ட்டான எஸ்ஐ-யை எடுத்தால் ஃபைல் பெயர் வந்துவிடும். நாலாவது ஆர்க்யுமென்ட்டில்தான் சூட்சுமம். சி ஃபங்ஷனுக்கு அது ஆர்சிஎக்ஸ்-இல் வரும்; ஆனால் சிஸ்கால் இன்ஸ்ட்ரக்ஷன் ஆர்சிஎக்ஸ்-இல் திரும்பிப் போக வேண்டிய முகவரியை எழுதிவிடுவதால், யூசர் பக்கம் ஆர்10-ஐத்தான் பயன்படுத்துகிறது. ஓபன்அட்டின் நாலாவதான மோட் (ஃபைல் அனுமதி) என்ற இடத்தில் 7எஃப் என்று தொடங்கும் நீளமான எண் விழுந்தால், ஆர்10-க்குப் பதில் சிஎக்ஸ்-ஐ (ஆர்சிஎக்ஸ்-இன் இடத்தை)ப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

தராசைப் படிக்கும் புரோகிராமோ 32-பிட். அதற்கு நுழைவாயிலே வேறு; ஆர்க்யுமென்ட்கள் பிஎக்ஸ், சிஎக்ஸ், டிஎக்ஸ், எஸ்ஐ என்று வரும். இரண்டு வகைக்கும் தனித்தனியாகக் கோடு எழுதிப் பார்த்துவிட்டு, சலித்துப்போய் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். இப்போது சிஸ்டம் கால் நுழையும் இடத்தில் கெர்னலே வைத்திருக்கும் சிஸ்_என்டர் ட்ரேஸ்பாயின்ட்டில் உட்கார்ந்துகொண்டு சிஸ்கால்_கெட்_ஆர்க்யுமென்ட்ஸைக் கூப்பிடுகிறேன். எந்த ரெஜிஸ்டர் என்ற கவலையை அதுவே பார்த்துக்கொள்கிறது. சிஸ்டம் கால் நம்பர் மட்டும் நம் பொறுப்பு: ஓபன்அட் 64-பிட்டில் 257, 32-பிட்டில் 295.

2024-இல், நம்பரை வைத்து ஃபங்ஷனின் முகவரியைத் தரும் சிஸ்கால் டேபிள் வழியாகக் கூப்பிடுவதையே விட்டுவிட்டு கெர்னல் ஸ்விட்ச் ஸ்டேட்மென்ட்டுக்குப் போனது. டேபிளில் கொக்கி மாட்டியிருந்தவர்கள் புலம்பினார்கள். இந்த மாட்யூலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டி வரவில்லை.